எண்ணெய் தீர்ந்த இரவும் பாதி முகத்து வெங்காயமும்

துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயத்துக்குள் கொதிக்கக் கொதிக்க எண்ணெய் ஊற்றினார்கள் என்று படிக்கும்போதே நமக்கு உடம்பு கூசுகிறது. ஊற்றியவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள், இல்லாவிட்டால் முட்டாள்கள் என்று முடிவுகட்டத் தோன்றும். இரண்டும் தப்பு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அதுதான் புத்தகத்தில் இருந்த வைத்தியம். எழுதியவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. போப் இரண்டாம் ஜூலியஸுக்கு வைத்தியம் பார்த்த ஜியோவானி த வீகோ. 1514இல் வெளிவந்த அவருடைய அறுவை மருத்துவ நூலை ஐரோப்பா முழுக்க வைத்துப் படித்தார்கள்.

வீகோவின் கணக்கு நேரானது. வாள்வெட்டு பெரும்பாலும் ஆறிவிடுகிறது, குண்டுக்காயம் அழுகுகிறது. ஆகவே வெடிமருந்தில் விஷம் இருக்கிறது. விஷத்தை நெருப்பால் முறிக்க வேண்டும். எல்டர் என்ற செடியின் எண்ணெயைக் கொதிக்கவைத்து, திரியாக் என்ற பல சரக்கு விஷமுறிவு மருந்தைக் கொஞ்சம் கலந்து, காயத்துக்குள் விட வேண்டும்.

இதில் முதல் பாதி உண்மைதான். அந்தக் காலத்து ஈயக்குண்டு மெதுவாக, கனமாக வந்து சதையை நசுக்கும். போகிற போக்கில் சட்டைத் துணியையும் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். காயம் அழுகியது அதனால்தான். கிருமி என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாதபோது அதை விஷம் என்று நினைத்தது அப்படியொன்றும் மோசமான ஊகம் இல்லை. வைத்தியம்தான் மோசம்.

அந்த வைத்தியத்தைக் கைவிட்டு, ஏன் கைவிட்டேன் என்று எழுதியும் வைத்தவர் ஆம்ப்ருவாஸ் பாரே. பிரான்ஸ்காரர், தொழிலால் நாவிதர், லத்தீன் தெரியாதவர்.

நாவிதர் எப்படி அறுவை வைத்தியர் ஆனார் என்று கேட்கலாம். அன்றைய பாரிஸில் வைத்தியத் தொழில் மூன்று அடுக்காக இருந்தது. மேலே பல்கலைக்கழக மருத்துவர்கள். லத்தீனில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். நாடி பார்ப்பார்கள், சிறுநீரைப் பார்ப்பார்கள், மருந்து எழுதுவார்கள். கத்தியைத் தொடுவது அவர்களுக்குக் கௌரவக் குறைவு. நடுவில் செயிண்ட் கோம் சங்கத்தைச் சேர்ந்த அறுவை வைத்தியர்கள், நீள அங்கி போடும் உரிமை பெற்றவர்கள். கடைசியில் நாவித வைத்தியர்கள். சவரம், ரத்தம் எடுப்பது, பல் பிடுங்குவது, கட்டி கீறுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் இவர்கள் வேலை. மேலடுக்குக்காரர்கள் கைபடாமல் சொல்வதை இவர்கள் கைபடச் செய்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

பாரே பிறந்தது 1510 வாக்கில், லவால் என்ற ஊருக்கு அருகில். நாவிதரிடம் தொழில் கற்று, பாரிஸுக்கு வந்து, ஓட்டல்-தியூ என்ற பெரிய தர்ம ஆஸ்பத்திரியில் சுமார் மூன்று வருஷம் வேலை பார்த்தார். ஒரே படுக்கையில் பல நோயாளிகளைக் கிடத்திய இடம் அது. ஒரு கடுங்குளிர் காலத்தில் நான்கு நோயாளிகளின் மூக்கு நுனி உறைந்து அழுகிப்போக, அவற்றை வெட்டி எடுத்ததாகப் பிற்பாடு எழுதினார். நால்வரில் இருவர் பிழைத்தார்கள். லத்தீன் புத்தகம் படிக்க முடியாதவருக்கு அந்த மூன்று வருஷம்தான் கல்லூரி.

அப்புறம் போர். 1536-37இல் பிரெஞ்சுப் படை ஆல்ப்ஸ் மலையைக் கடந்து டூரின் நோக்கிப் போனபோது, படைத்தளபதி மாரெஷால் மோந்தெழானின் அறுவை வைத்தியராக பாரேயும் போனார். வயது இருபத்தைந்தைத் தாண்டி ஒன்றிரண்டு. ஊருக்குள் நுழைந்து குதிரையைக் கட்ட ஒரு லாயத்துக்குப் போயிருக்கிறார். உள்ளே நான்கு சிப்பாய்கள் செத்துக் கிடந்தார்கள். இன்னும் மூன்று பேர் சுவரில் சாய்ந்திருந்தார்கள். முகம் உருத்தெரியவில்லை, பார்வை இல்லை, காது கேட்கவில்லை, பேச்சும் இல்லை. வெடிமருந்தில் எரிந்த உடுப்பிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த ஒரு வயதான சிப்பாய், இவர்களைக் காப்பாற்ற வழி உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் பாரே. கிழவர் போய் மூன்று பேரின் கழுத்தையும் கோபமே இல்லாமல் பக்குவமாக அறுத்தார். பாரே பதறிப்போய், நீ பாவி என்று திட்டியிருக்கிறார். எனக்கு இந்த நிலை வந்தால் எனக்கும் யாராவது இதைச் செய்ய வேண்டும் என்றுதான் கடவுளை வேண்டிக்கொள்கிறேன் என்று பதில் வந்ததாம்.

அந்தப் போரில்தான் எண்ணெய் தீர்ந்தது. காயம்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மற்ற வைத்தியர்கள் எப்படி ஊற்றுகிறார்கள் என்று பார்த்துவிட்டு பாரேயும் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார். கையிருப்பு காலியானதும் வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் கலந்து மீதிப் பேருக்குப் பூசிவிட்டார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. சூடு போடாதவர்கள் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்கள் என்ற பயம். விடிவதற்குள் எழுந்து போய்ப் பார்த்தால், களிம்பு பூசியவர்கள் ஓரளவு தூங்கியிருந்தார்கள். வலி குறைவு, வீக்கம் இல்லை. எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலில் துடித்துக்கொண்டிருந்தார்கள். காயத்தைச் சுற்றி வீக்கம். இனி எந்த ஏழைச் சிப்பாயையும் இப்படிச் சுடமாட்டேன் என்று முடிவெடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

மருத்துவ வரலாறு சொல்கிற எல்லோரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரியது அடுத்த சம்பவம். எண்ணெய் தீர்ந்தது தற்செயல். வெங்காயம் அப்படியில்லை.

மோந்தெழானின் சமையல்கட்டில் வேலை பார்த்த பையன் ஒருவன் கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். தீப்புண்ணுக்கு வழக்கமாகப் போடும் குளிர்ச்சி மருந்து வாங்க பாரே மருந்துக்கடைக்கு ஓடினார். கடையில் இருந்த ஒரு கிராமத்துக் கிழவி, முதல் கட்டுக்குப் பச்சை வெங்காயத்தைக் கொஞ்சம் உப்போடு இடித்துப் போடு, கொப்புளம் வராது என்றாள். பட்டம் பெற்ற மருத்துவர் யாரும் அவள் பேச்சைக் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். பாரே போட்டுப் பார்த்தார். மறுநாள் வெங்காயம் பட்ட இடத்தில் கொப்புளம் இல்லை, படாத இடமெல்லாம் கொப்புளம்.

அதோடு விடவில்லை. கொஞ்ச நாளில் மோந்தெழானின் காவல்படையைச் சேர்ந்த ஜெர்மன் சிப்பாய் ஒருவர், நல்ல போதையில், தன் வெடிமருந்துக் குடுவையில் தீப்பிடிக்க முகத்தையும் கையையும் சுட்டுக்கொண்டு வந்தார். பாரே முகத்தின் ஒரு பாதிக்கு வெங்காயம், மறுபாதிக்கு வழக்கமான மருந்து என்று போட்டார். கட்டைப் பிரித்தபோது வெங்காயப் பாதி கொப்புளமில்லாமல் இருந்தது. மறுபாதியில் தோல் உரிந்திருந்தது. ஒரே ஆள், ஒரே நெருப்பு, ஒரே நாள்; மருந்து மட்டும் வேறு. இன்று மருந்துச் சோதனையில் செய்யும் ஒப்பீட்டின் உள்கரு இதுதான். வெங்காயம் நிஜமாகவே தீப்புண்ணை ஆற்றுமா என்பது வேறு விஷயம், யாரும் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு கிழவி சொன்னதைக் கேட்டுக்கொண்டதும், கேட்டதை அப்படியே நம்பாமல் பாதி முகத்தில் சோதித்ததும்தான் பாரே.

இதையெல்லாம் வைத்து அவரை ஒரு நவீன விஞ்ஞானியாக ஆக்கிவிடக் கூடாது. அதே டூரினில், குண்டுக்காயத்துக்கு ரகசியத் தைலம் வைத்திருந்த ஒரு உள்ளூர் வைத்தியரின் பின்னால் இரண்டு வருஷம் அலைந்து, கெஞ்சி, பரிசு கொடுத்துச் செய்முறையை வாங்கினார். அல்லிப்பூ எண்ணெயில் அப்போதுதான் பிறந்த நாய்க்குட்டிகளை வேகவைத்து, மண்புழுவும் வெனிஸ் டர்பன்டைனும் சேர்த்த தைலம். அது கிடைத்ததில் பாரேக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிற்பாடும் பயன்படுத்தினார், எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று அச்சிலும் போட்டார். கொதிக்கும் எண்ணெயைத் தூக்கியெறிந்த அதே தலைக்குள் நாய்க்குட்டித் தைலமும் இருந்தது. ஆறவைத்ததைப் பார்த்தார், ஏன் ஆறியது என்று பார்க்க வழி இல்லை. நாய்க்குட்டித் தைலம் கொதிக்கக் கொதிக்க ஊற்றப்படாததால் அதுவும் நல்ல பலன் தந்ததாகவே தோன்றியிருக்கும்.

1545இல் குண்டுக்காயச் சிகிச்சை பற்றிய அவருடைய முதல் நூல் வெளிவந்தது. பிரெஞ்சில். லத்தீன் தெரியாததால் வேறு வழியும் இல்லை. ஆனால் அதனாலேயே கூடாரங்களில் வேலை பார்த்த நாவிதர்களால் அதைப் படிக்க முடிந்தது.

அடுத்தது கை, கால் எடுப்பது. மயக்க மருந்து இல்லாத அறுவை என்றால் நாம் முதலில் வலியை நினைக்கிறோம். அறுப்பவருக்கு முதல் எதிரி ரத்தம். தொடையில் பெரிய தமனி அறுந்தால் சில நிமிஷங்களில் கதை முடிந்துவிடும். அதனால் காலை வெட்டியவுடன் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வெட்டுவாயில் வைத்துத் தீய்ப்பார்கள். ரத்தம் நிற்கும். ஆனால் தீய்ந்த சதை பொருக்காகி, சில நாளில் கழன்று விழும்போது மறுபடி ரத்தம் பீறிடும். மறுபடி சூடு. சதை தீய்ந்து தீய்ந்து உள்ளே எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும்.

பாரே சொன்ன முறை இது. வெட்டும் இடத்துக்கு மேலே அகலமான பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். அதில் மூன்று லாபம் என்று எழுதினார்: தோலையும் சதையையும் மேலே இழுத்துப் பிடிப்பதால் அறுத்த பிறகு அவை கீழிறங்கி எலும்பை மூடும், ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், மரத்துப்போகச் செய்து வலியைக் குறைக்கும். உதவியாளர்கள் நோயாளியை அமுக்கிப் பிடிக்க, வளைந்த கத்தியால் எலும்பு வரை சுற்றி அறுத்து, பிறகு ரம்பம். உடனே, காக்கை அலகு என்று பெயர் வைத்த வளைந்த இடுக்கியால் தமனியின் வாயைப் பிடித்து வெளியே இழுத்து, இரட்டை நூலால் முடிச்சுப் போட வேண்டும். ரத்தக்குழாயை நூலால் கட்டுவது பழைய கிரேக்க, ரோமானிய நூல்களிலேயே உண்டு. உறுப்பை எடுக்கும்போது சூட்டுக்கோலுக்குப் பதிலாக அதைச் செய்யலாமே என்பதுதான் பாரேயின் துணிச்சல்.

1552இல் தாம்வில்லே முற்றுகையில், ரோஹான் பிரபுவின் ஆட்களில் ஒருவருக்கு பீரங்கிக் குண்டில் கால் நொறுங்கியது. சூட்டுக்கோல் இல்லாமல் பாரே காலை எடுத்தார். அந்த மனிதர் பிழைத்து, மரக்காலோடு வீடு திரும்பினார். ரத்தத்தை நிறுத்த உடம்பைச் சுடாமல் விட்டதால் மலிவாகத் தப்பித்தேன் என்று சொல்லிக்கொண்டு போனாராம். கால் போனதை ஒருவர் மலிவு என்று சொன்னால், சூடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் பாரேயின் பேர்போன வாசகம் வருகிறது: நான் கட்டுப் போட்டேன், கடவுள் குணப்படுத்தினார். தன்னடக்கம் என்று இதைப் பாராட்டுவார்கள். எனக்கு இது வெறும் நிலவர அறிக்கையாகத்தான் படுகிறது. கத்தியைக் கழுவவில்லை, கையைக் கழுவவில்லை, சீழ் பிடிப்பதே குணமாவதற்கான வழி என்று நம்பிய காலம். கட்டுப் போட்ட பிறகு நடப்பது வைத்தியர் கையில் இல்லை.

கால் போனவர்களைப் பிற்பாடும் அவர் கவனித்திருக்கிறார். இல்லாத காலில் வலிக்கிறது என்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்த முதல் சிலரில் அவரும் ஒருவர். பாரிஸில் 'சின்ன லொரேன்காரர்' என்று பெயர்பெற்ற பூட்டுக் கொல்லரிடம் பற்சக்கரமும் வில்லும் வைத்த இரும்புக் கை செய்வித்து, படம் போட்டு வெளியிட்டார். அதே நூலில் ஏழைகளுக்கான மரக்கால் என்று ஒரு படமும் உண்டு. விலை யாருக்குக் கட்டும் என்பதும் அவர் கணக்கில் இருந்தது.

இதற்குள் அவர் பெயர் அரண்மனை வரை போய்விட்டது. இரண்டாம் ஆன்றி தொடங்கி நான்கு அரசர்களுக்கு அறுவை வைத்தியர். 1554இல் செயிண்ட் கோம் சங்கம் அவரை உள்ளே சேர்த்துக்கொண்டது. லத்தீன் தேர்வு வெறும் கண்துடைப்பு என்று பல்கலைக்கழக மருத்துவர்கள் சிரித்தார்கள். சிரித்ததில் நியாயமும் உண்டு. அரண்மனை வேலையும் ரத்தவாடை இல்லாத வேலை என்று நினைக்க வேண்டாம். 1572 ஆகஸ்ட் 22 அன்று புராட்டஸ்டன்ட் தலைவர் அட்மிரல் கோலிஞியைச் சுட்டபோது ஓடிவந்து பார்த்தவர் பாரேதான். வலது கையில் சிதைந்த விரலை எடுக்க வேண்டும். கத்தரிக்கோல் மழுங்கியிருந்ததால் ஒரே வெட்டில் வரவில்லை, மூன்றாவது முறைதான் வந்தது. ராஜாங்க வைத்தியரின் பெட்டியிலேயே மொண்ணைக் கத்தரி! இரண்டு நாள் கழித்து, கத்தோலிக்கர்கள் புராட்டஸ்டன்ட்டுகளைக் கொன்று குவித்த புனித பர்த்தலோமியோ நாள் படுகொலையில் கோலிஞி கொல்லப்பட்டார். பாரேயும் புராட்டஸ்டன்ட்தான், அந்த இரவில் அரசர் ஒன்பதாம் சார்ல் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார் என்று ஒரு கதை உண்டு. பாரே கத்தோலிக்கத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர் என்பதால் வரலாற்றாசிரியர்கள் அதை அவ்வளவாக நம்புவதில்லை.

பெசோவார் கதை மட்டும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ஆட்டின் வயிற்றில் உருவாகும் ஒருவகைக் கல் அது. எந்த விஷத்தையும் முறிக்கும் என்று தங்கத்துக்கு மேல் விலை. 1560களில் ஒன்பதாம் சார்லுக்கு ஒரு ஸ்பானியப் பிரபு அதைக் கொண்டுவந்தார். எல்லா விஷத்துக்கும் ஒரே முறிவு இருக்க முடியாது, சோதித்துப் பார்க்கலாமே என்றார் பாரே. இரண்டு வெள்ளித் தட்டைத் திருடியதற்காகத் தூக்குக்குக் காத்திருந்த ஒரு சமையல்காரர், பிழைத்தால் விடுதலை என்ற பேச்சில் விஷம் குடிக்கச் சம்மதித்தார். பாதரச விஷமும் பிறகு கல்லும் கொடுத்தார்கள். பாரே போய்ப் பார்த்தபோது அந்த மனிதர் மிருகம் போல நான்கு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். நாக்கு தள்ளி, கண் சிவந்து, காதிலும் மூக்கிலும் ரத்தம். சுமார் ஏழு மணி நேரத்தில் இறந்தார். அரசர் கல்லை நெருப்பில் போடச் சொன்னார். பாதி முகத்து வெங்காயமும் இந்தச் சோதனையும் ஒரே புத்தியிலிருந்து வந்தவை என்பதை நாம் மறைக்க முடியாது.

1575இல் பாரேயின் எல்லா எழுத்துகளும் ஒரே தொகுப்பாக வந்தபோது மருத்துவக் கல்வி நிலையம் வழக்குக்கே போனது. எங்கள் அனுமதி வாங்கவில்லை. காய்ச்சலைப் பற்றியெல்லாம் எழுதுகிறார், அது எங்கள் எல்லை. ஆபாசம் இருக்கிறது என்றார்கள். பிரெஞ்சில் எழுதியதும் உறுத்தியது. புத்தகம் விற்றது, மறுபதிப்பும் வந்தது. 1582இல் எகிப்திய மம்மித் தூளையும் ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பையும் மருந்து என்று விற்பதை எதிர்த்து இன்னொரு நூல் எழுதி வம்பை வளர்த்துக்கொண்டார்.

இதற்கிடையே எட்டியென் கூர்மெலான் என்ற பல்கலைக்கழக மருத்துவர், நூலால் கட்டும் முறையைத் தாக்கி எழுதினார்: பழைய ஆசிரியர்கள் சூட்டுக்கோலைச் சொல்லியிருக்க, ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்றுவதா? இதற்குப் பதிலாக 1585இல், எழுபத்தைந்து வயதில், பாரே எழுதியதுதான் அவருடைய போர்ப்பயண நினைவுகள். வரிக்கு வரி கூர்மெலானை 'என் சின்ன வாத்தியாரே' என்று கூப்பிட்டு, உங்கள் அறையை விட்டு வெளியே வராதவர் எனக்குக் கையால் செய்வதைக் கற்றுத்தருவதா என்று வாங்குவாங்கென்று வாங்குகிறார். டூரின் லாயத்துக் கிழவரும் தாம்வில்லே மரக்காலும் நமக்குக் கிடைப்பது இந்தச் சண்டைக்காரப் புத்தகத்திலிருந்துதான். கோபத்தில் இருக்கும் ஒரு முதியவர், ஐம்பது வருஷம் கழித்து, தான் ஜெயித்த கதைகளாகப் பொறுக்கி எழுதியது என்பதை மனதில் வைத்தே படிக்க வேண்டும். வெங்காயம் அப்படி இல்லை. அது 1545 நூலிலேயே இருக்கிறது.

பாரே 1590 டிசம்பர் 20 அன்று பாரிஸில் இறந்தார். நூலா, சூட்டுக்கோலா என்ற சண்டை அவரோடு முடியவில்லை. கூர்மெலான் சொன்ன காரணம் அசட்டுத்தனம். ஆனால் அவர் பக்கம் வேறொரு நியாயம் இருந்தது, அவருக்கே தெரியாமல். பீறிடும் ரத்தத்துக்குள் தமனியின் வாயைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாக முடிச்சுப் போட நல்ல உதவியாளர்கள் வேண்டும், நேரம் வேண்டும். வலியில் துள்ளும் ஆளை வைத்துக்கொண்டு போர்க்களத்தில் இது நடக்கிற காரியம் இல்லை. சூட்டுக்கோலுக்கு ஒரே கை போதும். அதனால் பாரே இறந்து நூறு வருஷம் ஆகியும் பலர் சூட்டுக்கோலை விடவில்லை. 1674இல் மொரெல் என்பவர் பட்டைக்குள் குச்சியைச் செருகி முறுக்கினார். 1718இல் ழான்-லூயி பெத்தி திருகு வைத்த இறுக்குபட்டையைக் கொண்டுவந்தார். ரத்தத்தை முழுசாக நிறுத்திவைத்து, பதறாமல் தமனியைத் தேட அதற்குப் பிறகுதான் முடிந்தது.

அப்போதும் நூல் கழுவாத நூல்தான். முனையை நீளமாகக் காயத்துக்கு வெளியே தொங்கவிட்டு, உள்ளே அழுகிக் கழன்றதும் இழுத்து எடுப்பார்கள். சீழ் வடிய அது ஒரு வழி, கிருமி உள்ளே போகவும் அதுவே வழி. முடிச்சு கழலும் நாளில் மறுபடி ரத்தம் பீறிட்டுச் செத்தவர்கள் உண்டு. 1846இல் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்து வந்து வலியைத் தீர்த்தது, இதைத் தீர்க்கவில்லை. 1867இல் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயத்தைச் சுத்தம் செய்யும் முறையை வெளியிட்டார். அதற்கடுத்த சில வருஷங்களில் அதே அமிலத்தில் ஊறிய, ஆட்டுக் குடலில் திரித்த நூலைப் பயன்படுத்தத் தொடங்கினார். உடம்பே அதைக் கரைத்துக்கொள்ளும். தமனியைக் கட்டி, நூலை ஒட்ட நறுக்கிவிட்டு, காயத்தை மூடலாம் என்றாயிற்று.